குழாய் முனையில் வருவது வேறு, மூக்கில் ஏறுவது வேறு

கேட்டிருந்த கேள்வி சுருக்கமாக இதுதான். ஊருக்கு ஊர் காற்றின் தரத்தை அளக்க நிலையங்கள் இருக்கின்றன, வண்டிக்குப் புகைச் சான்றிதழ் வாங்குகிறோம். அப்புறம் எதற்காக ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் வீடு அளவுக்கு ஒரு பையையோ எஃகுத் தொட்டியையோ கட்டி, அதில் செயற்கைக் காற்றை நிரப்பி, கொஞ்சம் அழுக்கைக் கலந்து பார்க்கிறார்கள்? நிஜமான அழுக்குக் காற்று தெருவிலேயே கிடக்கும்போது, அடைத்து வைத்த காற்று எதைச் சொல்லிவிடும்?

இப்படிப்பட்ட சோதனை அறைகளில் நான் சில வருடங்கள் வேலை பார்த்திருக்கிறேன். எங்கள் ஆட்கள் அதைச் சேம்பர் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். பதில் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வகத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் வரும் நாட்களில் ஒரு சின்னச் சோதனை செய்து காட்டுவோம். ஒரு கன மீட்டர் கொள்ளும் டெஃப்லான் பை, உள்ளே இருப்பது கண்ணாடி போலத் தெரியும். அதில் நன்றாக வடிகட்டிய காற்று, கூடவே கொஞ்சம் ஓசோன். துகள் எண்ணும் கருவியில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஐந்து, ஆறு என்று ஓடிக்கொண்டிருக்கும். கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு ஆரஞ்சுப் பழம் ஒன்றை உரிக்கச் சொல்லி, தோலை மட்டும் ஒரு கண்ணாடிக் குழாயில் போட்டு, அதன் வழியே மெல்லக் காற்றை ஊதிப் பைக்குள் அனுப்புவோம். உள்ளே போவது வெறும் வாசனை. புகை கிடையாது, தூசி கிடையாது. இரண்டு மூன்று நிமிடத்தில் கருவியின் எண் ஆயிரத்தைத் தாண்டும், அப்புறம் பத்தாயிரம், அதற்கும் மேலே ஏறிக்கொண்டே போகும். சோதனைக்கு முன்னால் பச்சை லேசர் விளக்கைப் பையின் குறுக்கே அடித்துக் காட்டினால் உள்ளே கோடு தெரியாது. கால் மணி நேரம் கழித்து அடித்தால் பச்சைக் கம்பி ஒன்றைக் குறுக்கே கட்டியது போலக் கோடு பளிச்சென்று நிற்கும். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். எத்தனை தடவை செய்தாலும் எனக்கும் அந்தக் கோடு தெரியும் நொடி பிடிக்கும்.

என்ன நடந்தது? ஆரஞ்சுத் தோலின் வாசனை பெரும்பாலும் லிமோனீன் என்ற ஆவி. ஓசோன் அதைத் தாக்கி உடைத்து, ஆக்சிஜன் ஏறிய கனமான பொருள்களாக மாற்றுகிறது. அவை ஆவியாகவே நிற்க முடியாமல் ஒன்றோடொன்று ஒட்டித் துகளாகின்றன. அதாவது யாரும் துகளைக் கொண்டுவந்து கொட்டவில்லை, காற்றிலேயே துகள் பிறந்தது. இதைத்தான் இரண்டாம் நிலைத் துகள் என்கிறோம். பி.எம். 2.5 என்று செய்தியில் வருகிறதே, 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த துகள், அதில் பெரும் பகுதி பல நகரங்களில் இந்த வகைதான். எந்தப் புகைபோக்கியும் அதை அப்படியே வெளியே விட்டதில்லை; புகைபோக்கியும் வண்டியும் வயலும் காடும் விட்ட ஆவிகளிலிருந்து வெயிலும் ஓசோனும் சேர்ந்து சமைத்தது.

உங்கள் கேள்விக்கான பதிலின் முதல் பாதி இதிலேயே இருக்கிறது. புகைச் சான்றிதழ் சோதனையில் பெட்ரோல் வண்டிக்கு, சும்மா ஓடும் நிலையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் பார்க்கிறார்கள், டீசலுக்குப் புகையின் கருமையைப் பார்க்கிறார்கள். அது குழாய் முனையில் அந்த நொடியில் வருவதன் கணக்கு. நாம் மூச்சில் இழுப்பதோ அது நாலு மணி நேரம் வெயிலில் கிடந்து மாறிய பிறகு என்னவாகிறதோ அதை. தெருவில் உள்ள நிலையம் மொத்தத் துகள் எவ்வளவு என்று சொல்லும். இரண்டுக்கும் நடுவில் நடந்த சமையலைக் குழாய் முனையிலும் பார்க்க முடியாது, நிலையத்திலும் பார்க்க முடியாது. தெருவில் ஒரே நேரத்தில் வெயில் மாறும், காற்று திரும்பும், ஈரப்பதம் ஏறும், யாரோ குப்பையைக் கொளுத்துவார்கள், பக்கத்தில் ஒரு ஜெனரேட்டர் ஓடும். எதனால் எது வந்தது என்று பிரித்துச் சொல்ல, ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அசையாமல் பிடித்து வைக்கும் இடம் வேண்டும்.

இந்த வழி எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும், அது எனக்கு மிகவும் பிடித்த கதை. 1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு நாள் கண்ணெரிச்சலோடு புகைமூட்டம் கவிந்து, போர்க்காலம் என்பதால் எதிரி நச்சுவாயு போட்டுவிட்டான் என்றே மக்கள் பயந்தார்கள். பழி, செயற்கை ரப்பருக்காக பியூட்டடையீன் செய்துகொண்டிருந்த ஓர் ஆலையின் மேல் விழுந்தது. ஆலையை மூடினார்கள், மூட்டம் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. லண்டன் போல நிலக்கரியும் கந்தகமும்தான் காரணமாக இருக்கும் என்று தேடினார்கள். அது அந்த ஊருக்குப் பொருந்தவில்லை. லண்டன் மூட்டம் குளிரில், ஈரத்தில், இருட்டில் வரும். லாஸ் ஏஞ்சலிஸ் மூட்டமோ நல்ல வெயில் நாளில், நண்பகலை ஒட்டி உச்சத்துக்குப் போகும்.

கால்டெக் என்று சுருக்கமாகச் சொல்லும் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஆரி யான் ஹாகன்-ஸ்மித் என்று ஒரு டச்சுக்காரர், அன்னாசிப் பழத்தின் வாசனை எந்தெந்த ஆவிகளால் ஆனது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். காற்றிலிருந்து மிக நுண்ணிய அளவு ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்கும் வித்தை அவர் கையில் இருந்தது. அதே முறையில் வெளிக்காற்றை இழுத்துப் பிடித்தபோது, மூக்கைத் துளைக்கும் நெடியோடு பழுப்பு நிறத்தில் சில சொட்டுகள் கிடைத்தன, ஆக்சிஜன் ஏறிய கரிமப் பொருள்கள். அதிலிருந்து அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது: பெட்ரோல் ஆவியும், எஞ்சினிலிருந்து வரும் நைட்ரஜன் டை ஆக்சைடும் வெயிலில் சேர்ந்து ஓசோனை உண்டாக்குகின்றன, அந்த ஓசோனும் அதன் கூட்டாளிகளும்தான் கண்ணை எரிக்கின்றன, கீரையைக் கருக்குகின்றன.

எண்ணம் தோன்றினால் போதுமா, நிரூபிக்க வேண்டுமே. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடுகளால் ஆன அறைகளுக்குள் பசலை, பீட்ரூட் வகை, ஓட்ஸ் போன்ற செடிகளை வைத்து, பெட்ரோல் ஆவியையும் ஓசோனையும் அளந்து விட்டார்கள். வயலில் மூட்டம் அடித்த இலைகளில் தெரிந்த அதே வெள்ளிப் பூச்சு, அதே வெண்கலக் கறை அறைக்குள் இருந்த இலைகளிலும் வந்தது. ஓசோனை அறிய அவர் பயன்படுத்தியது ரப்பர்த் துண்டு. ரப்பரை வளைத்துக் கட்டி வைத்தால், ஓசோன் பட்ட இடத்தில் விரிசல் விழும்; விரிசல் விழ எத்தனை நிமிடம் ஆகிறது என்பதே அளவு. 1952-ல் இதை வெளியிட்டார். எண்ணெய் நிறுவனங்கள் பணம் கொடுத்த ஆய்வுக்குழு மறுத்தது, வருடக்கணக்கில் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் நின்றது அறைக்குள் திரும்பத் திரும்பச் செய்து காட்ட முடிந்த அந்தச் சோதனை. 1968-ல் கலிபோர்னியாவின் காற்று வள வாரியம் முதன்முதலில் கூடியபோது முதல் தலைவராக அவரையே உட்கார வைத்தார்கள்.

அதன் பின் கலிபோர்னியாவின் ரிவர்சைடு பல்கலைக்கழகத்தில், வட கரோலினாவில், கால்டெக்கிலேயே, பெரிய பெரிய டெஃப்லான் பைகள் வந்தன. அந்த அளவுகளை வைத்துச் சரிபார்த்த கணக்கின்படி, எந்தக் கரைப்பான் எவ்வளவு ஓசோனைக் கிளப்பும் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். ஸ்ப்ரே பெயின்ட் டப்பாவில் எதை எவ்வளவு போடலாம் என்று கலிபோர்னியா விதி போட்டது அந்த எண்களைக் கொண்டுதான்.

சரி, இன்றைக்கு ஒரு சேம்பரில் ஒரு நாள் எப்படிப் போகும்? சோதனை முந்தின நாள் மாலையிலேயே தொடங்கிவிடும். திரவ நைட்ரஜனையும் திரவ ஆக்சிஜனையும் ஆவியாக்கிக் கலந்து, வெளியுலகம் தொடாத காற்றைச் செய்து, இரவு முழுக்க பைக்குள் ஓடவிட்டுக் கழுவுவோம். காலையில் தேவையான ஈரப்பதம் ஏற்றி, நைட்ரஜன் ஆக்சைடு கொஞ்சம் விட்டு, அப்புறம் ஆராய வேண்டிய பொருள். டொலுவீன் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெயின்ட் தின்னர் நெடி என்றால் உங்களுக்கு உடனே தெரியும், பெட்ரோலிலும் உண்டு. ஊசியில் 1 மைக்ரோலிட்டர் எடுத்துச் சூடான கண்ணாடிக் குமிழுக்குள் விட்டால் நொடியில் ஆவியாகிப் போய்விடும். அந்த ஒரு மைக்ரோலிட்டர் 27 கன மீட்டர் பையில் பரவினால் காற்றில் நூறு கோடியில் எட்டரைப் பங்கு. கையால் ஒரே ஒரு சொட்டு விழுந்துவிட்டால் போதும், நானூறு பங்கைத் தாண்டிவிடும். ஊசி பிடிக்கும் கை நடுங்கக் கூடாது. அப்புறம், ஆவிகள் படிவதற்கென்று அம்மோனியம் சல்பேட் கரைசலைத் தெளித்துக் காயவைத்த விதைத் துகள்களை விடுவோம். கடைசியில் விளக்கு. புற ஊதா விளக்குகளைப் போட்ட நொடியை நேரம் சுழியம் என்று குறித்துக்கொண்டு, அடுத்த ஆறு மணி, எட்டு மணி நேரம் துகள்கள் பத்து நானோமீட்டரிலிருந்து நூறு, இருநூறு நானோமீட்டருக்கு வளர்வதைத் திரையில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். திரையில் வாழைப்பழம் போல வளைந்து மேலேறும் ஒரு பட்டை வரும். அது அழகாக வந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கும்.

ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில் உள்ள 'சாஃபிர்' 270 கன மீட்டர். அதாவது 2,70,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி என்றால் இருபத்திரண்டு லாரிக்கும் மேல். அதில் விளக்கு கிடையாது, நிஜ வெயில்தான். மேலே உள்ள மறைப்புகளைத் திறந்தால் வெயில் உள்ளே இறங்கும், மூடினால் ராத்திரி. டெஃப்லான் சுவர் இரட்டை அடுக்கு, இரண்டுக்கும் நடுவில் சுத்தமான நைட்ரஜன் ஓடிக்கொண்டே இருக்கும், வெளிக்காற்று ஒரு துளி கசிந்துவிடக் கூடாதென்று. ஸ்பெயினின் வலென்சியாவில் ஏறக்குறைய 200 கன மீட்டரில் இரண்டு அரைக்கோளங்கள் இருக்கின்றன.

ஏன் இவ்வளவு பெரிதாகக் கட்டுகிறார்கள் என்றால், சுவரை முடிந்த மட்டும் தள்ளி வைக்க. இந்தத் துறையில் சிரமமும் சுவாரசியமும் இங்கேதான். வானத்துக்குச் சுவர் இல்லை, பெட்டிக்கு இருக்கிறது. ஒரு மீட்டர் பக்கமுள்ள கனசதுரப் பெட்டியில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 6 சதுர மீட்டர் சுவர். சாஃபிர் அளவுக்குப் பெரிதாக்கினால் அதே ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1 சதுர மீட்டர் சுவர்தான். அப்படியும் சுவர் விடாது. துகள்கள் போய் ஒட்டிக்கொள்ளும், சில மணி நேரத்தில் பாதி காணாமல் போகும். டெஃப்லானைக் கையால் தேய்த்துவிட்டால் நிலைமின்சாரம் ஏறி, ஒட்டுவது இன்னும் வேகமாகும். அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்லும் முதல் வார்த்தை "பையைத் தொடாதே" என்பதுதான்.

துகள் ஒட்டுவதையாவது அளந்து கணக்கில் சேர்த்துவிடலாம். ஆவி ஒட்டுவது நெடுநாள் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. டெஃப்லானில் எதுவும் ஒட்டாது என்பது தோசைக்கல் விளம்பரம் பார்த்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம், நாங்களும் ஏறக்குறைய அப்படித்தான் நம்பியிருந்தோம். 2010 வாக்கில் ரிவர்சைடு ஆட்கள் கரிம ஆவிகள் டெஃப்லான் படலத்துக்குள் கரைந்து உட்கார்ந்துகொள்கின்றன, பிறகு திரும்பியும் வருகின்றன என்று தெளிவாகக் காட்டினார்கள். 2014-ல் கால்டெக் குழு இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, சில நிலைமைகளில் துகள் உருவாகும் அளவை நான்கு மடங்கு வரை குறைத்துச் சொல்லியிருக்கிறோம் என்று வந்தது. யோசித்துப் பாருங்கள், துகளாக மாற வேண்டிய ஆவியைச் சுவர் திருடிக்கொண்டிருந்திருக்கிறது, நாம் மிச்சத்தை எடை போட்டு, டொலுவீனிலிருந்து இவ்வளவுதான் துகள் வரும் என்று எழுதி, அந்த எண்ணை உலகத்தின் காற்றுத் தரத்தைக் கணிக்கும் கணினி மாதிரிகளில் போட்டுக்கொண்டிருந்தோம். மாதிரி சொல்வதைவிட நகரத்தில் கரிமத் துகள் பல மடங்கு அதிகமாக இருக்கிறதே, ஏன் என்று பல வருடங்களாக மண்டையை உடைத்துக்கொண்டதற்கு இது ஒரு காரணம், ஒரே காரணம் இல்லை என்றாலும். சுவர் திருடுவதோடு நிற்பதில்லை, கொடுக்கவும் செய்யும். வெளிச்சம் பட்டால் டெஃப்லான் சுவரிலிருந்து நைட்ரஸ் அமிலம் கிளம்பும், அது உடைந்து, ஆவிகளைத் தாக்கி மாற்றும் ஹைட்ராக்சில் ரேடிக்கலைத் தரும், நாம் போடாத தீக்குச்சியைச் சுவரே கிழித்தது போல.

எனக்கே நடந்தது ஒன்று சொல்கிறேன், இடம் வேண்டாம். ஒரு தொடர் சோதனை தொடங்கும் முன்னால் 'வெறுங்காற்று ஓட்டம்' என்று ஒன்று செய்வோம். எதையும் போடாமல், சுத்தக் காற்றை மட்டும் வைத்து விளக்கைப் போட்டுப் பார்ப்பது. எதுவும் வரக் கூடாது. அன்று விளக்குப் போட்டு இருபது நிமிடத்தில் துகள் முளைத்தது, ஆயிரக்கணக்கில். கசிவு தேடினோம், வால்வைக் கழற்றினோம், காற்றுச் சிலிண்டரை மாற்றினோம், மூன்று நாள் போய்விட்டது. கடைசியில் பழைய பதிவேட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, எங்களுக்கு முன் அந்தப் பையைப் பயன்படுத்திய குழு இரண்டு வாரம் கந்தக டை ஆக்சைடும், பைன் மரங்கள் விடும் பைனீன் ஆவியும் வைத்து ஓட்டியிருக்கிறது, கழுவாமல் விட்டுப் போயிருக்கிறது. போன மாதத்துச் சோதனை சுவரில் உட்கார்ந்துகொண்டு எங்கள் சோதனையில் முளைத்திருக்கிறது. ஓசோனை நிறைய விட்டு, விளக்கையும் போட்டு, இரண்டு இரவு வேகவைத்த பிறகுதான் வெறுங்காற்று வெறுங்காற்றாக ஆனது. அதிலிருந்து வெறுங்காற்று ஓட்டம் இல்லாத எந்தச் சேம்பர் முடிவையும் நான் நம்புவதில்லை.

சுவரோடு போட்ட சண்டையில் மிகத் தூரம் போனவர்கள் ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வகத்தில் உள்ள 'கிளவுட்' குழு. துகள் இயற்பியலுக்குப் பெயர்போன அதே செர்ன். ஜாஸ்பர் கிர்க்பி என்ற இயற்பியலாளர் முன்னெடுத்தது, சோதனைகள் 2009-ல் தொடங்கின. இவர்கள் டெஃப்லானையே விட்டுவிட்டு, 3 மீட்டர் விட்டமும் 26 கன மீட்டர் கொள்ளளவும் கொண்ட எஃகுத் தொட்டி கட்டினார்கள். உள்பக்கம் பளபளவென்று மெருகேற்றியது, 100 டிகிரி வரை சூடேற்றிக் கழுவலாம். பக்கத்தில் புரோட்டான் முடுக்கி இருப்பதால் பையான் என்ற மின்னூட்டமுள்ள அணுத்துகள்களின் கற்றையை உள்ளே செலுத்தி, காஸ்மிக் கதிர் வானில் உண்டாக்கும் அயனிகளை வேண்டிய அளவுக்கு உண்டாக்கிக்கொள்ளலாம். அயனியே வேண்டாமென்றால் மின்புலத்தால் ஒரு நொடிக்குள் துடைத்தெடுத்துவிடலாம். இவர்கள் வேலை செய்யும் சுத்தம் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில் போகும். இருபது ஒலிம்பிக் நீச்சல் குளங்களில் ஒரு சொட்டு, அந்த மாதிரி.

இவ்வளவு சுத்தம் எதற்கு என்றால், துகள் பிறப்பது அவ்வளவு நுட்பமான காரியம். கந்தக அமிலமும் நீராவியும் அம்மோனியாவும் சேர்ந்தால் துகள் பிறக்கும் என்று பாடப்புத்தகம் சொல்லிக்கொண்டிருந்தது. 2011-ல் கிளவுட் காட்டியது, அது தரைக்கு அருகே நிஜத்தில் நடப்பதில் பத்தில் ஒன்றிலிருந்து ஆயிரத்தில் ஒன்று வரைதான் ஆகிறது என்று. அப்படியானால் மிச்சம்? 2013-ல் ஒரு பதில் வந்தது. கால்நடை வளர்ப்பு போன்றவற்றிலிருந்து வரும் டைமெத்தில் அமீன், லட்சம் கோடியில் ஒரு சில பங்கு இருந்தாலே, பிறப்பு வேகத்தை அம்மோனியாவோடு ஒப்பிட ஆயிரம் மடங்குக்கும் மேல் ஏற்றுகிறது. 2016-ல் இன்னொன்று. அந்தப் பைனீன் ஆவி மட்டும் இருந்தாலே, கந்தக அமிலம் துளியும் இல்லாமல், துகள் பிறக்கிறது. இது பெரிய விஷயம், ஏனென்றால் நிலக்கரி எரிக்கத் தொடங்கும் முன்னாலும் வானத்தில் மேகத் துளிகளுக்கு விதையாகும் துகள்கள் நாம் நினைத்ததைவிட அதிகம் இருந்திருக்கும் என்று ஆகிறது. நம் புகை பூமியைக் குளிர்வித்து, வெப்பமயமாதலை எவ்வளவு மறைத்து வைத்திருக்கிறது என்ற கணக்கு அதனால் மாறும். அந்தப் பழைய வானம் இன்று எங்கும் கிடையாது, தொட்டிக்குள்தான் செய்து பார்க்க முடியும்.

நம் ஊர் நகரங்களுக்கு நெருக்கமானது 2020-ல் வந்த முடிவு. புதிதாகப் பிறந்த ஒன்றிரண்டு நானோமீட்டர் துகள் வெகு சீக்கிரம் செத்துவிடும், பெரிய துகள்களின் மேல் மோதி மறைந்துவிடும். அழுக்கு நகரத்தில் பெரிய துகள் நிறைய இருப்பதால், புதுத் துகள் பிழைக்கவே வழியில்லை என்றுதான் கணக்கு சொல்லும். ஆனால் அங்கே பிழைக்கிறது. கிளவுட் தொட்டியில் நைட்ரிக் அமில ஆவியையும் அம்மோனியாவையும் ஒன்றாக விட்டு, வெப்பத்தை 5 டிகிரிக்குக் கீழே இறக்கியபோது, அந்தச் சின்னத் துகள்களின் மேல் இரண்டும் அம்மோனியம் நைட்ரேட்டாகப் படிந்து, துகள் நூறு மடங்குக்கும் மேலான வேகத்தில் ஊதிப் பெரிதானது. சில நிமிடங்களுக்குத்தான் நடக்கும், அந்தச் சில நிமிடமே ஆபத்தான பருவத்தைத் தாண்டிவிடப் போதும். நைட்ரிக் அமிலம் வண்டிப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடிலிருந்து வருவது. அம்மோனியா உரத்திலிருந்தும் மாட்டுச் சாணத்திலிருந்தும் சாக்கடையிலிருந்தும் வரும், அதோடு பெட்ரோல் கார்களில் புகையைச் சுத்தப்படுத்தப் பொருத்தியிருக்கும் வினையூக்கி மாற்றியிலிருந்தும் வரும். குழாய் முனையில் மட்டும் பார்த்தால் அந்தக் கருவி நல்ல பிள்ளை. காற்றில் என்ன ஆகிறது என்று பார்த்தால்தான் முழுக் கதை.

வண்டிக்கு வருகிறேன், கேள்வி தொடங்கியதே அங்கேதான். 2007-ல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் குழு டீசல் புகையை நிறையக் காற்றில் கலந்து நீர்க்க வைத்து, சேம்பரில் விளக்குப் போட்டுப் பார்த்தது. குழாயில் துகளாக வெளிவந்ததில் ஒரு பகுதி நீர்த்தவுடன் ஆவியாகிப் போனது, அந்த ஆவி வெளிச்சத்தில் மாறி மறுபடி துகளாகி, தொடக்கத்தில் இருந்ததைவிட அதிகமானது. 2014-ல் சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தார் தலைமையில் டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் புகையை அப்படியே ஆராய்ந்தார்கள். அந்த எஞ்சினில் எண்ணெயும் பெட்ரோலும் சேர்ந்து எரியும், உள்ளே வரும் புது எரிபொருளில் ஒரு பங்கு எரியாமலே வெளியே ஓடிவிடும், அது அந்த எஞ்சினின் கட்டமைப்பிலேயே உள்ள குறை. எரியாமல் போன பெட்ரோலின் டொலுவீன் வகை ஆவிகள் சேம்பர் வெளிச்சத்தில் மலையாகத் துகளைத் தந்தன. கார், லாரி எதனோடு ஒப்பிட்டாலும் பல மடங்கு. சாலையில் எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் பல நகரங்களின் காற்றைக் கெடுப்பதில் இவைதான் முன்னால் நிற்கின்றன என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். சிக்னலில் பழைய டூ-ஸ்ட்ரோக் ஆட்டோவுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு அந்த நீலப் புகை நினைவிருக்கும். கண்ணுக்குத் தெரிந்த அந்த நீலம் சின்னப் பங்குதான். தெரியாமல் போன ஆவிதான் மதியத்துக்குள் துகளானது. அதே நிறுவனத்தார் 2017-ல் இன்னொன்றும் காட்டினார்கள்: வடிகட்டி பொருத்திய புது டீசல் காரைவிடப் பெட்ரோல் கார்கள் அதிகக் கரிமத் துகளுக்குக் காரணமாகின்றன. குழாய் முனையை மட்டும் பார்த்து டீசல் கெட்டது, பெட்ரோல் நல்லது என்று பிரிப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடில் டீசலின் பழி அப்படியேதான் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது கேள்வியின் இரண்டாம் பாதி, அது நியாயமான பாதி: அடைத்த காற்று நிஜத்தைச் சொல்லுமா? எல்லாவற்றையும் சொல்லாது. காற்றில் ஒரு துகள் ஒரு வாரம் வரை மிதக்கும், சேம்பரில் அவ்வளவு நாள் மிதக்கச் சுவர் விடாது. கருவிக்குத் தெரிய வேண்டுமென்று பொருளை அதிகமாகப் போட்டால் வேதியியலே வேறு பாதையில் போய்விடும். பழைய சோதனைகள் பலவற்றின் குறை அது. இதைவிடப் பெரிய சங்கதி, ஒவ்வொரு பொருளாகத் தனித்தனியே சோதித்துக் கூட்டிப் போட்டால் கலவையின் விடை வராது. 2019-ல் யூலிஷ், மான்செஸ்டர் குழுக்கள் பைனீனோடு ஐசோப்ரீனையும் சேர்த்துப் பார்த்தன. இரண்டும் மரங்கள் விடுவதுதான். கூடுதலாக ஆவி சேர்த்ததால் துகள் கூடவில்லை, குறைந்தது. ஐசோப்ரீன் ஹைட்ராக்சிலைத் தின்றுவிடுகிறது, அதன் உடைந்த பகுதிகள் பைனீனின் பகுதிகளோடு சேர்ந்து அவற்றைக் கனமாக விடாமல் தடுக்கின்றன. இப்படி ஒன்று நடக்கும் என்று தெருவில் ஆயிரம் கருவி வைத்தாலும் தெரிந்திருக்காது. அதே சமயம் ஒரு பொருள் மட்டும் போட்ட ஐம்பது வருடச் சேம்பர் சோதனைகளிலும் தெரியவில்லை.

அதனால் தெருவும் சேம்பரும் மாறி மாறிப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. தெரு ஒரு புதிரைப் போடும், சேம்பர் அதை அவிழ்க்கப் பார்க்கும், அவிழ்த்ததைத் தெருவில் போய்ச் சரிபார்க்க வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. தலைமையில் 2021-ல் வெளியான டெல்லி ஆய்வு அப்படிப்பட்ட ஒரு புதிர்ப் பக்கம். குளிர்கால இரவுகளில் ஹைட்ரஜன் குளோரைடு அங்கே நிறைய இருக்கிறது, பிளாஸ்டிக் கலந்த குப்பை எரிப்பதிலும் தொழிற்சாலைகளிலும் வருவது. அது அம்மோனியாவோடு சேர்ந்து துகளில் குளோரைடாகிறது, குளோரைடு தண்ணீரை இழுக்கிறது, துகள் ஊதுகிறது, விமானம் இறங்க முடியாதபடி பார்வை மறைகிறது. மற்ற நாடுகளின் நகரங்களில் எழுதிய கணக்கில் குளோரினுக்கு இவ்வளவு இடம் கிடையாது.

எனக்கு ஒரு சேம்பரும் ஒரு குளிர்காலமும் கிடைத்தால் என்ன செய்வேன் என்று தனியாகவும் கேட்டிருந்தீர்கள். 2020 ஏப்ரலிலிருந்து விற்கும் பி.எஸ். 6 பெட்ரோல் பைக் ஒன்றின் புகையையும், பத்து வருடப் பழைய பைக் ஒன்றின் புகையையும் எடுத்துக்கொள்வேன். டெல்லி ஜனவரி இரவு போல 8 டிகிரியில், ஈரப்பதம் 90 சதவீதத்தில், அம்மோனியாவும் ஹைட்ரஜன் குளோரைடும் அங்கே அளந்த அதே அளவில் போட்டு, முதலில் இருட்டில் ஒரு இரவு, அப்புறம் மங்கலான வெயிலில் ஒரு காலை. இரண்டு பைக்குக்கும் தலா நாலு தடவை, நடுவில் ஒவ்வொரு முறையும் வெறுங்காற்று ஓட்டம். குழாய் முனையில் புது பைக் எத்தனை மடங்கு சுத்தமோ, காலையில் சேம்பருக்குள் மிஞ்சும் துகளிலும் அதே மடங்கு சுத்தமா என்று பார்க்க வேண்டும்.